மாவின் மேல் விழுந்த பழி

கழிவுநீரைப் பற்றி ஐம்பது வயது தாண்டும்வரை எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான்: பொத்தானை அமுக்கினால் போய்விடும். எங்கே போகிறது, போன இடத்தில் என்ன ஆகிறது, அங்கே அதை யாராவது வரவேற்கிறார்களா என்றெல்லாம் நான் யோசித்தவனல்ல. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் பிழை திருத்துவது என் வேலை. மாப்பிள்ளையின் பெயரில் ஒற்றெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மாப்பிள்ளை என்ன ஆனார் என்று நான் விசாரித்ததில்லை. தண்ணீரோடும் எனக்கு அப்படிப்பட்ட உறவுதான்.

அக்கா போன் செய்தபோது அந்த உறவு கெட்டது.

"தம்பி, ஒரு மாசம் லீவு போட்டுட்டு வரியா?"

"ஏங்கா, மாமாவுக்கு ஏதாவது?"

"அவருக்கு என்னா, சாப்பிடுறாரு, தூங்குறாரு. எனக்குத்தான் ஆபத்து. என் கிரைண்டர நிப்பாட்டப் போறானுங்க."

முதலாளியிடம் ஒரு மாத விடுப்பு கேட்டேன். "ரெண்டு மாசம்கூட எடுத்துக்கோங்க," என்றார். அவர் அதைச் சொன்ன வேகம் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

அக்கா இருப்பது பந்திங் பக்கம். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் சின்னதாக ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. தோட்டத்து நிலம் கைமாறியபோது அங்கே வேலை செய்த குடும்பங்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள். சில வரிசை வீடு, ஒரு மளிகைக் கடை, ஓர் அம்மன் கோயில். கடைசி வரிசைக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் ஒரு தொட்டி. தாமானில் எந்த வீட்டில் யார் குளித்தாலும், துவைத்தாலும், மற்றதைச் செய்தாலும், அந்தத் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் இடம் அதுதான். கடைசி வரிசையின் மூலை வீடு அக்காவுடையது. அவள் வீட்டு அடுப்படி சன்னல் தொட்டியைப் பார்த்தபடி இருக்கும்.

மாமா லோரி ஓட்டியவர். முதுகு மக்கர் செய்ததும் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவது அக்காவின் தோசை மாவால். பின்கட்டில் கிரைண்டர். ஆட்டிய மாவு பாக்கெட்டில் ஏறி, விடிந்ததும் பந்திங் பாசாருக்கும், பங்சாரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் போகும்.

நான் போய் இறங்கிய மதியம், வீடு அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. பின் கதவை இழுத்து மூடி, அந்தப் புழுக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவத் திறக்கலாமே மாமா?"

"திறந்தா சத்தம் வெளிய கேக்கும் மச்சான். சத்தம் கேட்டா, 'ஆ, ஆரம்பிச்சிட்டா'னு பேசுவாங்க. ஒரு வருஷமா இப்படித்தான். நான் இளைச்சிருக்கேன்ல?"

இளைத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

வழக்கு இதுதான். போன வருடம் கோயில் திருவிழா முடிந்த சில நாளில் தொட்டி நாறத் தொடங்கியது. சும்மா நாற்றமில்லை, புளித்த நாற்றம். இரண்டு வாரம் தாமானில் யாரும் சன்னலைத் திறக்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்ள வாரம் ஒருமுறை வரும் மெக்கானிக், மூக்கைச் சுருக்கி, "புளிச்ச வாடையா இருக்கே. யாராச்சும் மாவு கழுவி ஊத்துறாங்களா?" என்று கேட்டான். தாமான் முழுவதும் திரும்பி அக்கா வீட்டைப் பார்த்தது. கோயில் தலைவரும் குடியிருப்போர் சங்கத் தலைவரும் ஒரே ஆள்தான்; இரண்டு தலைவர்களைத் தாங்கும் அளவுக்கு ஊர் பெரிதில்லை. அவர் கோயில் மைக்கிலேயே தீர்ப்புச் சொன்னார்: இந்தத் தடவை விட்டுவிடலாம், அடுத்த திருவிழாவுக்கும் தொட்டி நாறினால் வீட்டில் மாவு ஆட்டி விற்கக் கூடாது.

அடுத்த திருவிழா நெருங்கிவிட்டது.

"நீ படிச்சவன்," என்றாள் அக்கா. "மாவு மேல தப்பு இல்லனு நீதான் நிரூபிக்கணும்."

"அக்கா, நான் படிக்கிறது கல்யாணப் பத்திரிகை."

"அதுவும் எழுத்துதான? படி."

மறுநாள் மெக்கானிக் வந்தான். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு குட்டி லோரியில் வருகிற முப்பது வயசுக்காரன். எல்லாரையும் 'பாஸ்' என்பான். நானும் அவனை பாஸ் என்றே கூப்பிட்டேன். யார் யாருக்கு முதலாளி என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

வேலிக்குள் போகுமுன் கைக்குட்டையில் யூக்கலிப்டஸ் தைலம் விட்டு மூக்கில் கட்டிக்கொண்டேன். அவன் பார்த்துவிட்டு வேலிக் கதவைத் திறந்தான். உள்ளே போனதும் கைக்குட்டையை மெல்லக் கீழே இழுத்தேன். நாற்றமே இல்லை. மழை விட்ட பிறகு தோட்டத்து மண்ணிலிருந்து எழும்புமே, அந்த வாசம்தான். தொட்டியில் பழுப்புத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"சூடா பாஸ்?"

"சூடு இல்ல பாஸ். காத்து. கீழ பைப்பு வெச்சு ஊதுறோம். உள்ள உசுரு இருக்குல்ல, அதுங்களுக்கு மூச்சு வேணும்."

"என்ன உசுரு?"

"கிருமி. கண்ணுக்குத் தெரியாது. நம்ம அனுப்புறத அதுங்கதான் சாப்பிடுது. சாப்பிட்டுக் கொழுத்து, அந்தாண்ட தொட்டியில அடியில போய் உக்காந்துக்கும். மேல தெளிஞ்ச தண்ணி கால்வாய்க்குப் போயிடும். அங்கேருந்து லங்காட் ஆறு."

கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் மொண்டு கட்டைச் சுவர்மேல் வைத்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன். பழுப்பெல்லாம் சின்னச் சின்னத் திரளாகச் சேர்ந்து, அவசரமில்லாமல் கீழே இறங்கியது. மேலே கண்ணாடி போலத் தண்ணீர். இத்தனை வருடமாக நான் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன இடத்தில், எனக்காக ஒரு பட்டாளம் வாயைத் திறந்து காத்திருக்கிறது என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் சமையலைக்கூட யாரும் இப்படி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதில்லை.

"அப்புறம் ஏன் பாஸ் போன வருஷம் நாறிச்சு?"

"மாவுதான் பாஸ்," என்றான் சட்டென்று. "புளிச்ச வாடைனா மாவு. சந்தேகமே இல்ல."

"தினமும்தானே அக்கா மாவு கழுவி ஊத்துது? இன்னைக்கு ஏன் நாறல?"

தலையைச் சொறிந்தான். "அதான் பாஸ் எனக்கும் புரியல. ஆனா மாவுதான்."

அன்றிலிருந்து காலையில் தேநீரை எடுத்துக்கொண்டு வேலியருகே போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நுரை எந்த நிறம், எந்த நேரத்தில் தண்ணீர் அதிகம் வருகிறது என்று கவனித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குளிக்கும் நேரம் தொட்டிக்குள் குழாய் குமுறும். இரவுத் தொடர் முடிந்து விளம்பரம் வந்ததும் இன்னொரு குமுறல். தாமானில் யார் எப்போது எழுந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி ஆயிற்று.

"ஊர்ல எல்லாரும் கோயிலச் சுத்துறாங்க," என்றாள் அக்கா. "என் தம்பி கக்கூஸச் சுத்துறான்."

மாவு குற்றவாளியில்லை என்று காட்ட நான் போட்ட முதல் திட்டம் ரொம்ப விஞ்ஞானபூர்வமானது. அக்கா அரிசி, உளுந்து களைந்த தண்ணீரையும் கிரைண்டர் கழுவிய தண்ணீரையும் ஒரு சொட்டுக்கூட அடுப்படிக் குழியில் ஊற்றாமல் வாளியில் பிடித்து, என் காரில் ஏற்றி, செம்பனைக்குள் கொண்டுபோய் ஊற்றிவிடுவது. தொட்டி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது.

இரண்டாம் நாள் தோட்டத்து ஜாகா, காவல்காரர், என்னைப் பிடித்தார். மலாய்க்காரர், பெரியவர். வாளியைக் காட்டி, "இனி அப்பா?" என்றார், இது என்ன என்று மலாயில். அரிசி கழுவிய தண்ணீர் என்றேன். காரையும் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். கோலாலம்பூர் நம்பர் காரில் ஒரு மனிதன் பந்திங்வரை வந்து, செம்பனைக்கு அரிசித் தண்ணீர் ஊற்றுகிறான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. நான் எப்பேர்ப்பட்ட ரசாயனத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில் வாளிக்குள் விரலை விட்டு நக்கிக் காட்டினேன். அதன் பிறகு அவருடைய சந்தேகம் வேறு திசையில் போயிற்று. மிகவும் பரிவோடு, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார்.

அந்தத் திட்டம் அதோடு முடியவில்லை. ஒரு வளைவில் வாளி கவிழ்ந்தது. கார் வெயிலில் நின்றது. உளுந்துத் தண்ணீர் பின்சீட்டுக்குள் இறங்கி, ஊறி, பொங்கி, என் கார் ஒரு நடமாடும் இட்லிக் கொப்பரை ஆனது. தொட்டியோ, நான் தண்ணீரை நிறுத்துமுன் எப்படி மண்வாசம் வீசிற்றோ, அப்படியே நிறுத்திய பிறகும் வீசியது. நன்றாக இருந்த தொட்டி நன்றாகவே இருந்தது. இதிலிருந்து நான் நிரூபித்தது ஒன்றே ஒன்று: ஒரு காரையும் புளிக்க வைக்கலாம்.

"இதத் தலைவருக்கிட்ட சொல்லட்டுமா?" என்றார் மாமா.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அக்கா பால்குடம் எடுக்கிறவள். மாமாவின் முதுகுக்காக வேண்டிக்கொண்டு தொடங்கியது, வருடா வருடம் தொடர்கிறது. காப்புக் கட்டியதுமே கிரைண்டரைத் துடைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிட்டாள். விரத நாட்களில் கோயிலே கதி. மாவு வியாபாரம் கிடையாது.

துணி மூடிய கிரைண்டரைப் பார்த்தபோது எனக்குத் திடீரென்று பொறி தட்டியது. "அக்கா, போன வருஷமும் திருவிழாவுக்கு இப்படித்தான் நிப்பாட்டுனியா?"

"ஆமா. எல்லா வருஷமும்."

"அப்ப ஆட்டாத மாவு எப்படி நாறும்?"

"நான் அப்பவே சொன்னேன் மச்சான்," என்றார் மாமா, நாற்காலியிலிருந்து அசையாமல். "யாரு கேட்டா?"

"யாருக்கிட்ட சொன்னீங்க மாமா?"

"மனசுக்குள்ள."

தலைவரிடம் ஓடினேன். அவர் தண்ணீர்ப் பந்தலுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாவு உடனே நாறாது தம்பி. உள்ள போய் ஊறி ஊறித்தான் வரும். திருவிழா அன்னைக்கு அந்த மெக்கானிக்க வரச் சொல்லியிருக்கேன். அவன் கையும் களவுமாப் பிடிப்பான்," என்றார்.

திருவிழா காலையில் மஞ்சள் சேலைப் பெண்கள் தலையில் குடத்தோடு சந்தி வேம்படியிலிருந்து புறப்பட்டார்கள். பக்கத்துத் தாமான்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்து சேர்ந்துகொண்டார்கள். வரிசை முடிகிற இடம் தெரியவில்லை. அக்கா என்னைப் பார்க்காமலே என்னைக் கடந்து போனாள். தார்ச் சாலை கொதித்தது. கூட்டத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை மோர் ஊற்றுவது. அதையும் சரியாகச் செய்யாமல் ஒரு பெரியம்மாவின் சேலையில் ஊற்றியதும், "நீங்க போய் வேற வேல பாருங்க," என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேறு வேலை என்றால் தொட்டிதான்.

அங்கே மெக்கானிக் குடைக்குக் கீழ் சலிப்போடு நின்றான். "அன்னதானம் எப்ப பாஸ்?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. குழாய் வந்து விழுகிற வாயில் குப்பை பிடிக்கிற கம்பித் தட்டி ஒன்று உண்டு. அதைப் பார்த்தபடி நின்றோம். கோயில் இரண்டு சந்து தள்ளித்தான். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது.

"மெய்யன்பர்களே, இப்பொழுது அம்பாளுக்கு மஞ்சள் அபிஷேகம்," என்றது மைக். மேளம் உரத்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. தட்டி வழியாக வந்த தண்ணீர், வழக்கமான சாம்பல் நிறத் தண்ணீர், மஞ்சளாக மாறியது.

நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"யாரோ மஞ்சத்தூள் டப்பாவக் கொட்டிட்டாங்க போல," என்றான்.

"இப்பொழுது பஞ்சாமிர்த அபிஷேகம்," என்றது மைக்.

வாழைப்பழத் துணுக்கும் பேரீச்சையும் தட்டியில் வந்து ஒட்டிக்கொண்டன. மெக்கானிக்கின் வாய் திறந்தது, மூடவில்லை.

"மெய்யன்பர்களே, பால்குடங்கள் வந்து சேர்ந்துவிட்டன. இப்பொழுது அம்பாளுக்குப் பாலாபிஷேகம்."

நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். முதலில் ஓரமாக ஒரு வெள்ளைக் கீற்று வந்தது. பிறகு குழாய் முழுவதும் பால். குடம் குடமாக, நிற்காமல், தளும்பித் தளும்பி வந்தது. பழுப்புத் தொட்டிக்குள் அது விழுந்து வெள்ளை நுரை எழும்பியது. ஒலிபெருக்கியில் மேளமும், "ஓம் சக்தி"யும். கருவறைக்கு முன்னால் ஊரே நின்று தரிசனம் செய்துகொண்டிருந்த அபிஷேகத்தை, அதே நேரத்தில், அதே வரிசையில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பின்பக்கத்திலிருந்து தரிசித்தோம். என் கைகள் என்னைக் கேட்காமலே மேலே போய்க் குவிந்துவிட்டன.

மெக்கானிக் தாழ்ந்த குரலில் கேட்டான்: "பாஸ்... செருப்பக் கழட்டணுமா?"

பாதுகாப்புக்காகக் கழற்றினோம். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போன இரண்டு பெண்கள், கழிவுநீர்த் தொட்டியைக் கும்பிட்டு நிற்கும் எங்களைப் பார்த்து நின்றார்கள். பிறகு வேகமாக நடந்தார்கள்.

"இவ்வளவு பாலையும் இதுங்க சாப்பிடுமா பாஸ்?"

"சாப்பிடும் பாஸ். அதான் வினையே," என்றான். இப்போதுதான் அவனுக்கும் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. "பால்னா அதுங்களுக்கு பிரியாணி. எல்லாம் ஒரே நேரத்துல பாய்ஞ்சு திங்கும். திங்கத் திங்க மூச்சு வாங்கும். நம்ம ஊதுற காத்து பத்தாது. மூச்சு முட்டிச் செத்துடும். அப்புறம் மிச்சப் பாலு புளிக்கும்..." அவன் நிறுத்தினான். "புளிச்ச வாட."

போன வருடம் மட்டும் ஏன் தொடங்கியது என்பதற்கும் விடை கோயிலிலேயே இருந்தது. அதற்கு முந்திய வருடம்வரை அபிஷேகத் தண்ணீர் கருவறையின் பக்கச் சுவரில் உள்ள கோமுக வாய் வழியாக விழுந்து, வெறும் மண்ணில் ஓடி, அரளிச் செடிகளுக்குப் போகும். பிறகு தலைவர் முன்னின்று கோயிலைப் புதுப்பித்தார். சுற்றிலும் பளபளவென்று டைல்ஸ். கோமுகத்தின் கீழே ஒரு புதுக் குழாய். அந்தக் குழாய் தரைக்கடியில் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நான் பொத்தானை அமுக்கிவிட்டுக் கேட்காதது போல. அது போனது, கோயில் மண்டபத்துக் கழிப்பறையின் மேன்ஹோலுக்கு.

என் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஆனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? 'அக்காவின் மாவு நிரபராதி, குற்றம் செய்தது அம்மனின் பால்' என்றா? அந்தப் பாலில் அக்காவின் குடமும் ஒன்று. மாமாவின் முதுகுக்காகக் கொதிக்கும் தாரில் நடந்து கொண்டுபோய் ஊற்றியது.

சாயங்காலம் அக்கா மஞ்சள் தண்ணீர் வாளியில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் கொப்புளம். மென்று விழுங்கிச் சொன்னேன். நான் இவ்வளவு நேரம் நகைச்சுவை இல்லாமல் பேசியது அவளுக்கே பயமாக இருந்திருக்க வேண்டும்.

"என் பாலுமா?"

"எல்லாப் பாலும்க்கா."

கால் விரலை வாளிக்குள் அசைத்துக்கொண்டிருந்தாள். மாமாகூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் ஊத்துனது அம்மா தலையில," என்றாள் கடைசியில். "அது சேந்துடுச்சு. அதுக்கு அப்புறம் அது அவ பாலு, என் பாலு இல்ல. ஆனா அவ வீட்டுத் தண்ணிய கக்கூஸுக்குத் திருப்பிவிட்டது யாரு? அவன எனக்குக் காட்டு."

"தலைவர்தான்."

வாளியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "வா. நாறுறதுக்கு முன்னாடி போவோம்."

தலைவர் வீட்டில் ஒரே களைப்பு. துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து நாங்கள் சொன்னதைக் கேட்டார். முகம் கறுத்தது.

"கோயில் பால் கெடுதல்ங்கிறியா தங்கச்சி? என்னா பேச்சு இது?"

"கெடுதல் இல்லண்ணே. சத்து. உங்க பேரன் பொறந்தநாளு கேக்கை முழுசாத் தின்னுட்டு ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தானே, கேக்கு மேலயா தப்பு?"

"எனக்குக் கண்ணால பாக்கணும்."

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு வாளி நிறைய மஞ்சளைக் கரைத்துக் கோமுக வாயில் ஊற்றும்படி ஐயரிடம் சொல்லிவிட்டு, தலைவர் எங்களோடு தொட்டிக்கு வந்தார். வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, தட்டியருகே நின்றார். நுரை அதற்குள் அழுக்கு வெள்ளையாகத் திரண்டிருந்தது. போனில், "ஊத்தியாச்சா சாமி?" என்றார். ஊற்றியாயிற்று.

சாம்பல் தண்ணீர் வந்தது. இன்னும் சாம்பல் தண்ணீர். யாரோ துணி துவைத்த சோப்பு நுரை வந்தது. தலைவரின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. நேற்று நான் பார்த்தது வெயில் கிறுக்கோ?

"பாத்தியா தம்பி, ஒண்ணும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

மஞ்சள் வந்தது. கல்யாண வீட்டு மஞ்சள்.

அவருடைய இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்தன. பாதி வழியில் எங்கே நிற்கிறோம் என்று உறைத்து, கீழே இறக்கினார். மறுபடியும் உயர்ந்தன. அந்த வியாதி எனக்குத் தெரியும். மனசுக்குள் அவரை அணைத்துக்கொண்டேன்.

"பைப்பு போடுறவன் கேட்டான்," என்றார் தட்டியைப் பார்த்தபடி. "'எங்கண்ணே விடணும்'னு. நான் போன்ல இருந்தேன். 'கிட்டத்துல எந்த ஓட்ட இருக்கோ அதுல விடுடா'ன்னேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "தங்கச்சி, இது வெளிய தெரிய வேணாம். நான் இன்னைக்கே பைப்ப மாத்திடுறேன். உன் மாவ இனி யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"என் மாவத் திட்டுனது எதுலண்ணே? மைக்குல. அப்ப இதுவும் மைக்குல."

"பால்குடம் எடுத்தவங்க மனசு நோகாதா?"

"நானும் எடுத்தவதான்." அக்கா தட்டியில் ஒட்டியிருந்த பேரீச்சங்கொட்டையைப் பார்த்தாள். "பொம்பளைங்கக்கிட்ட நான் முதல்ல சொல்றேன். அப்புறம் நீங்க சொல்லுங்க."

அன்று மத்தியானம் கோயில் மண்டபத்தில் பால்குடங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் அவள் சொன்னாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன், தேவைப்பட்டால் ஓடுவதற்கு வசதியாக. தேய்க்கிற சத்தம் நின்றுபோயிற்று. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி, "அந்தத் தலைவர் வாயில..." என்று ஆரம்பித்து, கோயிலாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், லங்காட் ஆறு கடலில் கலக்கும் கேரித் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், ஒரு சந்தேகம் கேட்டார்:

"அந்தத் தொட்டித் தண்ணி அப்புறம் எங்க போவுது?"

"லங்காட் ஆத்துக்கு," என்றேன் தூணுக்குப் பின்னாலிருந்து.

"ஆத்துலேருந்து?"

"கடலுக்கு."

"எங்க பொறந்த வீட்டுப் பக்கமாத்தான் போவுது அப்ப," என்றார் அவர். குடத்தை மறுபடி தேய்க்கத் தொடங்கினார். "அம்மா ஊர்வலம் கொஞ்சம் சுத்து வழியாப் போயிருக்கா."

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். அழுதவளும் சேர்த்து.

ஆனால் தொட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கறுத்தது. புளித்த வாடை வரிசை வரிசையாக நடந்து போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியது. பட்டாளம் முழுவதும் மடிந்துவிட்டது என்றான் மெக்கானிக். சாயங்காலம் அவன் ஒரு டாங்கி லோரியோடு வந்தான். வேறொரு தாமான் தொட்டியிலிருந்து நல்ல பழுப்புச் சேற்றை உறிஞ்சிக்கொண்டு வந்திருந்தான், உயிரோடு. குழாயைப் போட்டு நம் தொட்டிக்குள் விட்டான்.

அக்கா கை நிறைய மாவோடு வேலியருகே ஓடி வந்து பார்த்தாள். "இவ்வளவுதானா? புது மாவு புளிக்கலனா பழைய மாவு ஒரு கரண்டி கலக்குவோமே, அது மாதிரி!"

மெக்கானிக் மாவுக் கையைப் பார்த்து நெளிந்தான். "சாரிக்கா," என்றான். "வாட ஒரே மாதிரி இருந்திச்சுக்கா, அதான்."

கோமுகத்துக் குழாயை உடைத்து, கோயிலுக்குப் பின்னால் வாழைக் குழிகளுக்குத் திருப்பினார்கள். வெள்ளிக்கிழமை பூசையில் தலைவர் பேச வேண்டும். அவருக்காக நான் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு பக்கம், பிழையில்லாத தமிழ். 'எதிர்பாராத கட்டுமானச் சூழலின் விளைவாக' என்று தொடங்கும். யார் மனமும் நோகாது, யாருக்கும் ஒன்றும் புரியாது. என் வாழ்நாளில் நான் எழுதிய சிறந்த உரைநடை அதுதான். தலைவர் மைக்கைப் பிடித்தார். முதல் வரியை மனசுக்குள் படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தொட்டி நாறுறது மாவுனால இல்ல," என்றார். "என்னால. கோயில் பைப்ப நான்தான் தப்பா விடச் சொன்னேன். தங்கச்சி மாவுமேல மைக்குல பழி போட்டேன். மைக்குலயே எடுத்துக்கிறேன்."

மைக் ஒருமுறை கீச்சிட்டது. அவ்வளவுதான்.

பூசை முடிந்து நேராக அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். பின்னால் பாதித் தாமான். ஒரு வருடமாக அவர் வீட்டில் கடை மாவுதான். "ரெண்டு பாக்கெட் குடு தங்கச்சி."

"ரெண்டா?" என்றாள் அக்கா. "ஊரக் கூட்டிட்டு வந்து ரெண்டு பாக்கெட்டா வாங்குவீங்க?"

பத்து வாங்கிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்களுக்கு மாவு போதவில்லை. அக்கா உள்ளே போய் ஊறவைத்த அரிசியை வழித்துப் போட்டாள். ஒரு வருடமாக மூடியிருந்த பின் கதவின் தாழ் இறுகிப்போயிருந்தது. மாமா தன் முதுகை மறந்து தோளால் முட்டித் திறந்தார். கிரைண்டர் சத்தம் வேலிவரை போனது. அந்தப் பக்கமிருந்து தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரமும் உறுமிக்கொண்டிருந்தது. வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் அதற்குள் எங்கேயோ மண்வாசம் லேசாகத் தலைகாட்டியது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

ஆட்டி முடித்ததும், கழுவிய தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பழக்க தோஷத்தில் நேராக என் காரை நோக்கி நடந்தேன். பின்கதவைத் திறந்தும்விட்டேன்.

"டேய், எங்கடா கொண்டு போற?" என்று அக்கா கத்தினாள். "இங்க ஊத்துடா. புதுசா வந்ததுங்க பசியோட இருக்கும்ல?"